‘நல்லவேளை’ ஆகாத விக்டிம் பாய்

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் அதிகத் தடவை செயினைப் பறிகொடுத்தவர் யார் என்று கேட்டால், கழுத்தில் செயினே போட்டறியாத ஓர் ஆண்பிள்ளையைத்தான் நான் கைகாட்டுவேன். செயின் மட்டுமா? வீடு புகுந்த திருட்டு, பைக் திருட்டு, பஸ்ஸில் பிக்பாக்கெட் என்று இரண்டாயிரங்களின் நடுவில் சனிக்கிழமைதோறும் மனிதருக்கு ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. ஒரு தடவைகூட அவர் போலீசுக்குப் போனதில்லை. போயிருந்தால் போலீஸ்தான் பாவம்.

விஷயம் இதுதான். குற்றத்தில் அடிபட்டவர்களுக்குத் துணையாக ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போகவும், பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் ஆட்களைப் பழக்கும் வகுப்பு ஒன்று கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நடத்தியவர் ரிட்டயரான ஒரு டீச்சர். முதல் வகுப்பில், பாதிக்கப்பட்டவராக நடிக்க ஒப்புக்கொண்ட ஆள் வரவில்லை. குரோம்பேட்டையில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்த பாய், ஹாலின் மைக்கைச் சரிபார்க்க வந்திருந்தார்.

“பாய், அஞ்சு நிமிஷம் இந்த சேர்ல உக்காருங்க. உங்க வீட்ல திருட்டு போயிடுச்சு” என்றார் டீச்சர்.

உட்கார்ந்தவர் நாலு வருஷம் எழுந்திருக்கவில்லை. ‘விக்டிம் பாய்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரை யாரும் கேட்டதாக நினைவில்லை.

வகுப்புக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எதிரில் உட்கார்ந்து அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். பாய் தலையை ஆட்டினால்தான் பாஸ். பாஸானால்தான் நிஜக் கேஸுக்கு அனுப்புவார்கள். பேச்சு பிடிக்காவிட்டால் பாய் எழுந்து நடையைக் கட்டிவிடுவார். பின்னால் ஓடிப்போய்த் தெருமுனை டீக்கடையில் அவரைச் சமாதானம் செய்து கூட்டிவருவது பயிற்சிக்கு வந்தவரின் தலையெழுத்து.

ஊரப்பாக்கத்திலிருந்து வந்த பேங்க் மேடம் ஒருவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, “எத்தனை சவரன்?” என்று கேட்டார்.

“இன்னும் எம் பேரையே கேக்கலியேம்மா” என்று சொல்லிவிட்டு பாய் டீக்கடைக்குப் போய்விட்டார்.

ரயில்வேயில் ரிட்டயரான ஒருவர், “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்குங்க” என்றார். “தலப்பாகையும் என்துதானே சார்?” என்றார் பாய். ரயில்வேக்காரரும் டீக்கடைக்கு ஓடினார்.

ஒரு சனிக்கிழமை அவருக்கு வண்டி திருட்டு. தத்ரூபமாகப் புலம்பினார். வகுப்பு முடிந்ததும் ஹால் வாசலில் நின்ற தன் மொபெட்டை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரை அது அங்கேயே நின்றது. கேட்டதற்கு, “காணாமப் போன வண்டியில எப்டி சார் வூட்டுக்குப் போறது?” என்றார்.

அவருக்குக் கொஞ்சமும் ஆகாத வார்த்தை ‘நல்லவேளை’. நம் ஜனங்களுக்கோ அது இல்லாமல் ஆறுதலே வராது. கால் ஒடிந்தவனிடம், ‘நல்லவேளை, கை தப்பிச்சுது’ என்போம். இரண்டும் ஒடிந்தால், ‘நல்லவேளை, தலையில படல.’

இந்த வார்த்தையில் நான் மூன்று தடவை ஃபெயில். மற்றவர்கள் சேவைக்கு வந்தார்கள். நான் வந்த காரணம் வேறு. பொழிச்சலூரில் எங்கள் தெருவிலேயே, பால் வாங்கப் போன என் மனைவியின் கழுத்துச் செயினை பைக்கில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். விழுந்து எழுந்து வீட்டுக்கு வந்தவளிடம் நான் சொன்னது: “நல்லவேளை, கவரிங்தான.” சொல்லிவிட்டுச் சிரித்தேன். அடகுக்கடையில் திருடன் திருதிருவென்று முழிப்பதை நடித்துக்காட்டி, ஆபீஸ் முழுக்கச் சிரிக்க வைத்தேன். அவள் அன்றிலிருந்து கேட்டைத் தாண்டவில்லை. கூப்பிட்டால், “நீங்களே போயிட்டு வாங்க” என்பாள். மூன்று மாதம் ஆகியிருந்தது. என்ன பேசினால் அவள் வெளியே வருவாள் என்று கற்றுக்கொள்ளத்தான் வந்தேன். வந்த முதல் நாளே, டீ வேளையில், அதே கவரிங் கதையைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். புத்தி அப்படி. பாய் மட்டும் அன்று சிரிக்கவில்லை.

நாலாவது பரீட்சை. பாய் டீச்சரின் சால்வையை வாங்கிக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். தாடியும் சால்வையுமாக அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

“பொழிச்சலூருங்க. பால் வாங்கப் போனேன். பைக்ல ரெண்டு பேரு. செயின் கவரிங்தான்” என்றார்.

ஹாலில் சிரிப்பு நின்றது. பாய் விடவில்லை.

“கவரிங்னா கழுத்து அறுக்காதா?”

அவ்வளவுதான். நாற்பது பேர் முன்னால், மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்புதான். நான் சிரிச்சிருக்கக் கூடாது” என்று அழுதேன். பாய் சால்வை நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

“ஃபெயில் சார். ஆறுதல் சொல்ல வந்தவரு அயுதா, விக்டிம் யாராண்ட போவான்?” குரலைத் தாழ்த்தி, “இத்த என்னாண்ட ஏன் சொல்லிக்கினு கீறீங்க? வூட்டுக்குப் போங்க” என்றார்.

போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, “அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டேன். நாலு மாதத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. ஒரு மணி நேரம் பேசினாள். பால் பாக்கெட் உடைந்தது, யாரோ அவள் செருப்பை எடுத்துக் கொடுத்தது, எல்லாம் சொன்னாள். கடைசியில், “நீங்க சிரிச்சீங்களா, அப்ப நான்தான் ஒண்ணுமில்லாததுக்குப் பயப்படறேனோன்னு நினைச்சுட்டேன்” என்றாள்.

அடுத்த வாரம் என்னோடு தெருமுனை வரை வந்தாள். அதற்கு அடுத்த வாரம் மார்க்கெட். ஒரு நாள் மிக்ஸியில் கருகல் வாடை அடித்தது. ஆபீஸ் போகிற வழியில் பாய் கடையில் கொடுத்துவிடலாம் என்று பையில் போட்டேன். “குடுங்க, நான் போறேன்” என்றாள். நான் பையை நீட்டினேன். பஸ் ஏறிக் குரோம்பேட்டை போய், தனியாகத் திரும்பி வந்தாள்.

“வெள்ளிக்கிழமை வரச் சொன்னாரு.”

வெள்ளிக்கிழமை போனால், “மோட்டார் காயில் வரலம்மா, திங்கக்கிழம வாங்க.” திங்கட்கிழமை போனால், “புதன்கிழம ஷ்யூரா.” இப்படியே மூன்று வாரம் அவளை நடக்கவிட்டார். போய்ப் போய் அவள் அந்தக் கடைவீதியில் வளையல், பூச்செடி, புதுச் செருப்பு எல்லாம் வாங்கி வந்தாள். எனக்குக் கோபம் வந்து, சனிக்கிழமை பாயை மடக்கினேன்.

“என்ன பாய், ஒரு மிக்ஸிக்கு மூணு வாரமா?”

பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். “அது மொத நாளே ரெடி சார். அம்மாவாண்ட சொல்லிடாதீங்க” என்றார்.

அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் சட்னி கிடையாது, இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான். அவ்வளவு ருசியாக நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை.