பெண் பார்க்கப் போய் பஸ் பார்த்தவர்

ஜாஸ்மி காப்பித் தட்டோடு வந்து நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. ஞானசிங் நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பார்த்தது அவளை அல்ல, அவள் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய ஒரு பழைய படத்தை.

"இங்கேருங்க, பொண்ணு நிக்கா. காப்பிய எடுங்க" என்று மனைவி சத்தியபாய் அவர் தொடையில் கிள்ளினாள்.

"நல்ல நிறம்" என்றார் ஞானசிங்.

பெண் வீட்டார் முகமெல்லாம் மலர்ந்தது.

"ஓரத்துல மட்டும் கொஞ்சம் கரையான் அரிச்சிருக்கு."

ஜாஸ்மி தன் துப்பட்டாவைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை பிபின் தலையைக் குனிந்துகொண்டான்.

ஞானசிங்குக்குப் பழைய விளம்பரப் படங்கள் என்றால் பித்து. சோப்பு, பல்பொடி, கப்பல், ரயில் எதையும் விடமாட்டார். எங்காவது பழைய லாட்ஜை இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், போய்க் கட்டோடு அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். அத்தனை சேர்த்தும் அவருக்குக் கிடைக்காத படம் ஒன்றே ஒன்று. தங்கக்குமரி மோட்டார் சர்வீஸின் 'திருவனந்தபுரம் முதல் கன்னியாகுமரி வரை சுகயாத்திரை'. சிவப்பு பஸ், ஜன்னலில் குடையோடு ஒரு வெள்ளைக்காரி, பின்னால் கடல். அதற்காகக் கோட்டயம் வரை அலைந்து, செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அது இப்போது குழித்துறையில், பெண் பார்க்க வந்த வீட்டில், ஆணியில் தொங்குகிறது. மனுசன் என்ன செய்வார்?

"அந்தப் படத்த வெலைக்குத் தருவியளா?"

பெண்ணின் அப்பா தாசையன் அதிர்ந்துபோனார். "எனக்க அப்பன் அந்த பஸ்ஸுல கிளீனராக்கும். வெலைக்கெல்லாம் தரமாட்டேன் சார். பின்ன, மகளுக்க கூட குடுத்து விடலாம்..."

இதுதான் சமயம் என்று சத்தியபாய் தொண்டையைச் செருமினாள். "ஊரு வழக்கம்னு ஒண்ணு உண்டுல்லா. நகையும் காரும்..."

"ஒண்ணும் வேண்டாம்! படம் மட்டும் போதும்" என்றார் ஞானசிங்.

சத்தியபாய் மனதுக்குள் ஏறி உட்கார்ந்து வேளாங்கண்ணி வரை போய்வந்திருந்த கார், ஒரே வார்த்தையில் காணாமல் போயிற்று.

விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் மாவட்டத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பேராசை, கேட்காவிட்டால் சந்தேகம். தாசையன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஒண்ணுமே வேண்டாமா? சார், மறைக்காம சொல்லணும். பையனுக்கு வல்ல சொகக்கேடும் உண்டா?"

"ஐயோ, அவன் நல்லா இருக்கான்!"

"நல்லா இருக்கப்பட்ட பையனுக்கு ஆராவது ஒண்ணும் கேக்காம இருப்பாவளா?"

பிபின் எழுந்து நடந்து காட்டினான். காலண்டரில் இருந்த பொடி எழுத்தைத் தூரத்தில் நின்று படித்தான். அதிலும் திருப்தி வராததால் முற்றத்துக் கிணற்றை மூன்று தடவை சுற்றி ஓடினான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"ஓட்டத்துல குறையில்ல. ஆனா உள்ளுக்குள்ள என்னவோ?" என்றார் தாசையன்.

ஞானசிங் படத்தைப் பார்த்தார். வெள்ளைக்காரி கைநழுவிப் போவது போலிருந்தது. சந்தேகத்தைத் தீர்க்க நல்ல மனதைக் காட்டினால் போதும் என்று நினைத்தார்.

"கல்யாணச் செலவும் எங்களுக்கது. மண்டபம், சாப்பாடு எல்லாம்!"

"செலவும் நீங்களா?" தாசையன் எழுந்தே விட்டார். "அப்போ சந்தேகமே இல்ல. பெரிய கோளாறாக்கும். ஜாஸ்மி, நீ உள்ள போ மக்கா."

ஞானசிங்குக்கு வியர்த்துவிட்டது. "சார், உள்ளதச் சொல்லிடுதேன். கோளாறு பையனுக்கில்ல, எனக்காக்கும்! இந்தப் படக் கிறுக்கு!"

"கிறுக்கா? அது பரம்பரையா வருமே!"

எல்லோரும் சத்தியபாயைப் பார்த்தார்கள். கார் போன துக்கத்தில் இருந்தவள், இப்போது மகனின் கல்யாணமே போகப் பார்க்கிறதே என்று பதறி எழுந்தாள்.

"கேளுங்க. இவருக்கு முழுக் கிறுக்குதான், நான் சாட்சி. கல்யாணம் கழிஞ்ச மறுநாளே என்னைக் கூட்டிட்டுப் போயி பல்பொடிப் படம் காட்டின மனுசன். ஆனா எனக்க மோனுக்கு அதுல ஒரு துளி கிடையாது. அப்பனுக்க படத்த அவன் தொடக்கூட மாட்டான்!"

"சத்தியமாட்டா?"

"பைபிள கொண்டு வாங்க, தொட்டுச் சொல்லுதேன்!"

தாசையன் நெடுநேரம் தாடையைத் தடவினார். பிறகு கனத்த மனதோடு சம்மதித்தார். சீதனம் இல்லை, கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது, படம் இப்போதே எடுத்துப் போகலாம். எல்லோரும் எழுந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணினார்கள். ஞானசிங் மட்டும் பஸ் இருக்கிறதா என்று இரண்டு தடவை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

இரவல் வாங்கி வந்த காரில் முன்சீட்டில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு இருந்த சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தங்கத்தை விட்டுக்கொடுத்து வைரத்தைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டோம், குழித்துறைக்காரனுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. பின்சீட்டில் சத்தியபாய் கல்யாணச் செலவை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிபின் வண்டியை எடுக்கப் போனபோது, ஜாஸ்மியின் தங்கை ஜெனிலா ஓடிவந்து அவன் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அத்தான், உங்க அப்பா கட்டிலுக்கு அடியில அவுக்காத கட்டு இன்னும் கொறே கிடக்குன்னு சொன்னியல்லா? அக்காளுக்கு இந்த பஸ்ஸ உருவித் தந்தது போல அதுலயிருந்து எனக்கும் ஒரு நல்ல படமா உருவி வைங்க, அடுத்த வருசம் என்னையப் பாக்க வருவாவ!"