செருப்பர் எண்ண மறுத்த வாக்கெடுப்பு

தொடர்மாடிச் சங்கத் தலைவரே, நீங்கள் எங்கள் செருப்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள்.

வாசகர்களுக்கு இது விளங்காது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார். அவரைப் போல வாக்கெடுப்புப் பைத்தியம் பிடித்த மனிதர் இலங்கையிலேயே இல்லை. சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. செருப்பர் என்றால்தான் தெரியும். கூட்டம் வைத்தால் யாரும் வருவதில்லை என்பதால் அவரே ஒரு முறை கண்டுபிடித்தார். வாசலில் கழற்றி வைத்த செருப்பின் நுனி வெளியே பார்த்தால் ஓம், கதவைப் பார்த்தால் இல்லை. விடிந்ததும் மாடி மாடியாக ஏறி எண்ணுவார்.

தண்ணீர் மோட்டரை எப்போது போடுவது, காகத்துக்குச் சோறு வைக்கலாமா, எல்லாவற்றுக்கும் செருப்புத்தான். ஒருமுறை ஒரு வீட்டை ஆசீர்வதிக்கப் பாதர் வந்திருந்தார்.

"பாதர், உங்கட வோட்டு செல்லாது. செருப்பை உள்ளுக்கு எடுங்கோ" என்று ஜெபத்தின் நடுவே வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

உங்கள் காரை வாசல் கேற்றுக்குக் குறுக்கே நிறுத்தலாமா என்றும் கேட்டார். தொடர்மாடி முழுவதும் இல்லை என்றது. நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா?

"செருப்புச் சொல்லி நான் கேக்கிறதோ? என்ர புத்தியைப் பாத்துத்தானே சனம் தெரிவு செய்தது."

கார் இன்றும் அங்கேதான் நிற்கிறது.

பிறகு கீழ்த்தளத்துக்கு ராணி வாடகைக்கு வந்தார். சட்டை தைப்பவர். திருநங்கை. சிலர் முணுமுணுத்தார்கள். உடனே நீங்களே வாக்கெடுப்பு வைத்தீர்கள், ராணியை வீட்டை விட்டு எழுப்புவதா என்று. காலையில் அநேகமான செருப்புகள் வெளியே பார்த்தன. செருப்பர் பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார்.

"சனம் சொல்லிட்டுது அண்ணை, நான் என்ன செய்யிறது?" என்றீர்கள்.

"மோட்டருக்குத்தான் நான் செருப்பைக் கேட்டனான். ஒரு மனிசி எங்க படுக்கிறது எண்டு கேக்கேல்லை."

"அப்ப இவ்வளவு நாளும் விளையாடினியளோ?"

"நீர் முதல்ல காரை எடும். பிறகு கதைப்பம்."

இந்த மாத முடிவில் ராணி போக வேண்டும் என்று அறிவித்துவிட்டீர்கள். செருப்பர் தன் செருப்பைக் கழற்றி, ராணியின் வாசலில் கதவைப் பார்த்தபடி வைத்தார். முடிவு மாறும்வரை எடுக்க மாட்டாராம்; அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவரிடம் வேறு செருப்பில்லை.

தலைவரே, கார் விஷயத்தில் உங்களைக் கட்டாத சனத்தின் சொல், ராணி விஷயத்தில் மட்டும் எப்படிக் கட்டியது? பதிலை எழுதி, கையெழுத்து வைத்து, எல்லோரும் பார்க்க லிப்ட் கதவில் ஒட்டுங்கள். கெதியாக, இன்றைக்கே ஒட்டுங்கள். கொழும்பு-காலி வீதித் தார் கொதிக்கிறது, அந்தக் கிழவர் வெறுங்காலோடு பாண் வாங்கக் கடைக்குப் போய் வருகிறார்.