அண்ணாந்து குடித்த டெக்கீலா

நம் குடும்பங்களில் ஒருவன் எத்தனை வருடம் ஒழுங்காக வாழ்ந்தாலும், ஒரே ஒரு சாயங்காலம் அடித்த கூத்தை வைத்துத்தான் அவனை ஞாபகம் வைத்திருப்பார்கள். என்னுடைய சாயங்காலம் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு பாரில் நடந்தது. தீபாவளி, பிறந்தநாள் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அது மறுபடி நடக்கிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு முறையாவது நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அப்போது நான் ஷாமினியைக் காதலித்துக்கொண்டிருந்தேன். அவள் வீடு கிளமெண்டியில், தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நாங்கள் சுவா சூ காங், பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். அவள் அப்பா சரி என்றால் கல்யாணம், இல்லை என்றால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். (அவ்வளவுதான் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.)

அவள் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவை எப்படி ருசி பார்ப்பது என்று சொல்லித்தரும் வகுப்புக்கு அவ்வப்போது போவார். "அந்தப் பெடியனையும் வரச் சொல்லு" என்றாராம்.

"உனக்குக் குடிக்கத் தெரியுமா?" என்று ஷாமினி கேட்டாள்.

"அதுல என்ன இருக்கு லா?" என்றேன். (அதுவரை நான் குடித்ததிலேயே காட்டமானது இஞ்சி டீ.)

"பார்த்து நடந்துக்க. அக்கா புருஷன் விஷயத்துல அப்பா ரொம்ப நொந்து போயிருக்கார்."

அக்கா புருஷன் நாகரிகம் தெரியாத ஆள் போலிருக்கிறது, இந்த முறை நாலும் தெரிந்த மாப்பிள்ளையாகத் தேடுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அது நான் இல்லையே.

ஆபீஸ் நண்பன் குணாவை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்துப் பாடம் கேட்டேன். "உப்பை நக்கு, ஒரே மடக்கு, எலுமிச்சம்பழத்தைக் கடி. முடிஞ்சது லா" என்றான். சாப்பிட்ட கையோடு தேக்கா மார்க்கெட்டில் ஒரு பழம் வாங்கினேன். வீட்டிலிருந்து கொஞ்சம் உப்பைப் பிளாஸ்டிக்கில் பொட்டலம் கட்டினேன். போதைப்பொருளுக்குத் தூக்கில் போடும் சிங்கப்பூரில் வெள்ளைப் பொடிப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாருக்குள் நுழைந்த மகா மடையன் நானாகத்தான் இருப்பேன்.

பாரில் ஷாமினியின் அப்பா (எனக்கு அங்கிள்) வெள்ளைச் சட்டை இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒடுங்கலான, நீண்ட கிளாஸ்கள். வகுப்பு நடத்திய பெண் டெக்கீலா காய்ச்சும் நீலக் கத்தாழையில் ஆரம்பித்தார். முழுக்க முழுக்கக் கத்தாழையில் செய்ததா என்று போத்தலில் பார்த்து வாங்க வேண்டும். வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர வேண்டும். ஒரு துளியை நாக்கில் உருட்டி விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். "உப்பும் எலுமிச்சையும் மட்டமான சரக்கின் ருசியை மறைக்கத்தான். இங்கே யாரும் கொண்டு வந்திருக்க மாட்டீர்கள்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அங்கிள் என் சட்டைப்பையைப் பார்த்தார். அது கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருந்தது.

வேறு வழியில்லை. பழத்தை எடுத்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினேன். "பெரியவங்களைப் பார்க்க வெறுங்கையோட வரக் கூடாதுன்னு..." பழத்தோடு பொட்டலமும் மேசையில் விழுந்தது. வகுப்பு நடத்திய பெண் பேச்சை நிறுத்திவிட்டார்.

"உப்புதாங்க! சமையல் உப்பு!" என்று தமிழிலேயே கத்தினேன். அந்தப் பெண் சீனர். அங்கிள்தான் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக் காப்பாற்றினார்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். கடைசியாக வந்தது மரப்பீப்பாயில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த டெக்கீலா, நல்ல தேன் நிறம். அங்கிளுக்கு டாக்டர் கட்டுப்பாடு. தன் கிளாஸை என் பக்கம் தள்ளினார். "இதில பாதியை நீர் குடிச்சிட்டுத் தாரும் தம்பி. மிச்சம் எனக்குப் போதும்."

பாதி குடித்துவிட்டு அவரிடமே திருப்பித் தருவதா? வருங்கால மாமனார் வாய் வைக்கப்போகும் கிளாஸில் என் எச்சிலா? எங்கள் வீட்டில் தண்ணீர்ச் செம்பில் வாய் வைத்தாலே அம்மா முதுகில் ஒன்று போடுவார். மரியாதைக்குப் பெயர் போன பிள்ளையாயிற்றே நான். கிளாஸை முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கி, அண்ணாந்து வாயைத் திறந்தேன்.

ஒடுங்கிய கிளாஸ் பாருங்கள், முதலில் ஒன்றுமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். மொத்தமாக வந்துவிட்டது. கொஞ்சம் கண்ணுக்கு, கொஞ்சம் மூக்குக்கு, மீதி தொண்டைக்கு. புரை ஏறி நான் இருமிய இருமலில் அங்கிளின் வெள்ளைச் சட்டை, கண்ணாடி, பக்கத்து மேசைக்காரரின் கைப்பை எல்லாம் நனைந்தன. ஐயோ, இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அங்கிள் பொறுமையாக என் உச்சந்தலையில் தட்டினார். "ஆரோ நினைக்கினம் போல" என்றார். நினைப்பது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ரயிலில் திரும்பும்போது அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் போச்சு என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அழுகையே வந்தது, டெக்கீலா போன கண் என்பதால் வெளியே தெரியவில்லை. கிளமெண்டி வந்ததும் எழுந்தார்.

"என்ர மூத்த மருமகனும் இந்த வகுப்புக்கு வந்தவன் தம்பி. மூக்கில வைச்சு மணந்து பார்த்தே சரக்கின்ர பெயர் சொல்லுவான். பிறகு விடியவும் குடி, படுக்கவும் குடி. என்ர பிள்ளை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." கதவு திறந்தது. "உமக்கு இந்தச் சென்மத்தில குடி வராது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கல்யாணம் நடந்தது. அத்தோடு இதுவும் ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் யாருக்குப் புரை ஏறினாலும் "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்வதில்லை. தலையில் தட்டி "டெக்கீலா, டெக்கீலா" என்பார்கள். மாமனார் ஆரம்பித்து வைத்தது.

போன மாதம் பள்ளிக்கூட கேண்டீனில் ஒரு பையனுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடும்போது புரை ஏற, என் மகள் ஓடிப்போய் அவன் தலையில் தட்டி "டெக்கீலா, டெக்கீலா" என்றிருக்கிறாள். எங்க வீட்டில் எல்லோரும் இப்படித்தான் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறாள். அவள் வயது எட்டு. வகுப்பாசிரியை என்னை வரச் சொன்னார். நான் எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை சிரிக்கவே இல்லை. தொண்டை வறண்டுபோன என்னைப் பார்த்து ஒரு கிளாஸ் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

வாய் வைத்தே குடித்தேன்.