பேட்டி எடுக்கப் போன அழுவாச்சி மேடம்

டெல்லியில் பேட்டி எடுக்கப் போய், பேட்டி கொடுத்துவிட்டுத் திரும்பிய ஒரே ஆராய்ச்சியாளர் அழுவாச்சி மேடமாகத்தான் இருப்பார். பெயர் வைத்தவர்கள் ஜங்புராவில் தமிழர்கள் வாழும் குடிசைப்பகுதியான மதராசி கேம்ப்பின் பெண்கள். வீட்டுவேலை செய்யும் அவர்களைப் பற்றி எங்கள் சின்ன ஆய்வு நிறுவனம் அறிக்கை தயாரித்தது. கேள்வி கேட்பது அவர். பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது நான்.

முதல் பதிவு இரண்டாம் கேள்வியைத் தாண்டவில்லை. பதினோரு வயதில் பாத்திரம் தேய்க்கப் போன கதையைச் செல்வி என்பவர் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று மூக்கை உறிஞ்சும் சத்தம். அது செல்வியுடையது அல்ல.

“நானே அழுவல, உனக்கு என்னா மேடம்? ஜல்தி டீயக் குடி, ஆறிடும். ஆமா, உனக்கு எத்தினி புள்ளைங்க?”

“கல்யாணமே ஆகலைங்க.”

“அச்சா. ஏன்?”

அப்புறம் நாற்பது நிமிடம் மேடம்தான் பதில் சொன்னார். அம்மாவுடன் சண்டை, ரத்தசோகை, எல்லாம் பதிவாகியிருந்தது. மறுவாரம் மேடம் கேம்ப்பிலிருந்து ஒரு பை முருங்கைக்கீரையோடு ஆபீஸ் வந்தார்.

இயக்குநர் நான் தட்டச்சு செய்ததைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதுல ஆராய்ச்சியாளர் யாரும்மா? கொஞ்சம் தள்ளி நின்னு பாரு. இல்லேன்னா வேற ஆளை அனுப்பிடுவேன்.”

மேடம் பயந்துபோய், மறுநாள் நிஜமாகவே நான்கடி தள்ளி நாற்காலி போட்டார். சந்தின் அகலமே மூன்றடி. நாற்காலி எதிர்வீட்டுக்குள் போய்விட்டதால் கத்திக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு கேள்விக்குச் சந்து முழுக்கப் பதில் சொன்னது.

பிறகு கேம்ப் வீடுகளை அரசு இடிக்கும் நாள் வந்தது. “பார்த்து எழுதிட்டு வா, போதும்” என்று சொல்லித்தான் இயக்குநர் அனுப்பினார். அன்றைய பதிவு மூன்று மணி நேரம். ஒரு கேள்வி கிடையாது. புல்டோசரின் உறுமலுக்கு நடுவே, அதன் ஓட்டுநரிடம் மேடத்தின் குரல்: “பையா, ஏக் மினிட். செல்வி, பீரோவ அந்தப் பக்கம் பிடிங்க.”

“இருவது வருசம் மேடம்” என்றபோது செல்வியின் குரல் உடைந்தது.

மேடம் அழவில்லை. “கால்ல பட்டுடும், நகருங்க” என்றார்.

‘அன்று நான் குறிப்பு எடுக்கவில்லை, பீரோ தூக்கினேன்’ என்று அறிக்கையில் எழுதினார். இயக்குநர் அந்த வரியை அடித்தார். மேடம் திரும்ப எழுதினார். மூன்றாம் முறை இயக்குநர் பேனாவை மூடிவிட்டார்.

செல்விக்கு வெகுதொலைவில், நரேலாவில் மாற்று வீடாக ஒரு ஃபிளாட் கிடைத்தது. வேலைபார்த்த வீடுகள் கைவிட்டுப் போயின. மேடம் இன்றும் ஞாயிறுதோறும் அங்கே செல்ல பஸ் ஏறுகிறார். கேட்டால் ‘ஃபாலோ-அப்’ என்பார். ரெக்கார்டர் எடுத்துப் போவதில்லை.

தட்டச்சு செய்ய அங்கே எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தும், போன மாதத்திலிருந்து நானும் கூடப் போகிறேன்.