சவப்பெட்டி அமீனாவுக்குப் பொன்னாடை

ஒரு குடும்பத்தில் ஒருத்தன் மட்டும் படித்திருந்தால், அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தக் குடும்பம் நம்ப ஆரம்பித்துவிடும். அதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. அவனும் அதை நம்ப ஆரம்பிக்கும்போதுதான் மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த ஒருத்தன் நான். அரியலூர் பக்கம். எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கும் முன்பே என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். காதுகுத்து, கல்யாணம், கோயில் கமிட்டி ஆண்டு விழா என எதுவானாலும் வரவேற்புரை என்னுடையதுதான். சிறப்பு விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பை அவர் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொல்வேன். கேட்டு அவர் கண் கலங்குவார். (பசியில் என்று அப்போது எனக்குத் தெரியாது.)

இந்த ஒரே தகுதியோடு துபாயில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டுக் கம்பெனியில் சேர்ந்தேன். தங்கியது ஷார்ஜா முவைலாவில், கஜன் அண்ணனோடு ஒரே ரூமில். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். எனக்கு ப்ரொபேஷன் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் ஒரு நிகழ்ச்சியையாவது சொதப்பாமல் நடத்திக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட் என்று மேனேஜர் ஷாஜி சார் சொல்லியிருந்தார். ஊரிலோ அப்பா, "பையன் துபாய்ல ஆபீசரு" என்று டீக்கடை வரை சொல்லி முடித்திருந்தார். எனவே டிக்கெட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் என்னிடம் வந்து சேர்ந்தது சவப்பெட்டி அமீனா.

அது பிரிட்டனைச் சேர்ந்த ஹெவி மெட்டல் இசைக்குழு. ஆங்கிலத்தில் காஃபின் பெய்லிஃப். பெய்லிஃப் என்றால் நம்மூர் கோர்ட் அமீனா. ஆள் செத்துப் பெட்டியில் படுத்த பிறகும் விடாமல் ஜப்திக்கு வருகிறவர் என்று பொருள் கொள்ளலாம். (எங்கள் தெருவுக்கு அமீனா வந்த நாளைப் பார்த்தவன் என்ற முறையில், இதைவிடப் பயங்கரமான பெயரை ஒரு குழுவுக்கு வைக்க முடியாது என்று ஒத்துக்கொள்கிறேன்.) ஹெவி மெட்டல் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: பக்கத்து வயலில் போர்வெல் வண்டி ஓடுகிறது. அதன் மேல் ஏறி நின்று ஒருவர் தன் மனக்குறையைச் சொல்கிறார். அவ்வளவுதான்.

"வயசான சாயிப்புமாரு ஆணு," என்றார் ஷாஜி சார். அவர் திருச்சூர்க்காரர். என்னிடம் பேசுவது தமிழ் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். (சாயிப்பு என்றால் வெள்ளைக்காரர், வெள்ளம் என்றால் தண்ணீர், மதி என்றால் போதும்.) "வெள்ளம் கொடு, டவல் கொடு. ஸ்டேஜ்ல ஏறி ரெண்டு லைன் வெல்கம் சொல்லு. மதி."

இரண்டு வரியாம். கோழிப்பண்ணை திறக்க வந்தவருக்கே அரை மணி நேரம் பேசியவன் நான். கடல் தாண்டி வருகிற கலைஞர்களுக்கு இரண்டு வரி சொன்னால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அன்று இரவே அந்தக் குழுவின் வரலாற்றை, போட்டித் தேர்வுக்குப் படிப்பதுபோல் படிக்க உட்கார்ந்தேன்.

படிக்கப் படிக்க நோட்டில் குறிப்பெடுத்தேன். ஒரு தொழிற்சாலை ஊரில் பள்ளித் தோழர்களான கிளைவும் ரெக்கும் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. கிளைவ் கிட்டார், ரெக் பாட்டு. முதல் ஆல்பம் ஓரளவு ஓடியது. இரண்டாவது அந்த அளவுகூட ஓடவில்லை. மூன்றாவதில் காதல் பாட்டு போட்டால்தான் ஆச்சு என்று கம்பெனி நெருக்க, அதையும் போட்டார்கள். இருந்த ரசிகர்களும் கடைக்குப் போய் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பெரிய குழுவுக்கு முன்னால் பாடும் வாய்ப்பு வெளிநாட்டில் கிடைத்தது. கிளம்பினார்கள். மேடை அலங்காரத்துக்குக் கொண்டு போன சவப்பெட்டியைச் சுங்கத்தில் நிறுத்தி, இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிட்டது. கடைசியில், ஒரு பாட்டை யார் எழுதினார் என்பதில் கிளைவுக்கும் ரெக்குக்கும் தகராறு, வழக்கு, வாய்தா. கொஞ்ச காலம் ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் ஊர் ஊராகப் போயின. பிறகு ரெக்கின் குழு கலைந்தது. அவர் எங்கே போனார் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

கட்சிகள் உடைவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு இது கட்சித் தகராறாகத் தெரியவில்லை, பங்காளிச் சண்டையாகத் தெரிந்தது. எங்கள் பெரியப்பாவும் அப்பாவும் பொதுக்கிணற்று மோட்டாருக்காகப் பேச்சை நிறுத்தியவர்கள். அடுத்தடுத்த வீடு. ஒருவர் வாசலுக்கு வந்தால் இன்னொருவர் உள்ளே போய்விடுவார். அந்த முகபாவத்தைக் கிளைவின் புகைப்படத்தில் அப்படியே பார்த்தேன்.

அந்த நேரத்தில் கஜன் அண்ணன் என் தோளுக்கு மேலாக போனை எட்டிப் பார்த்தார். பழைய ஆல்பம் அட்டை. நீள முடியோடு ரெக் கத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த மூக்கை எனக்குத் தெரியும்."

"எப்படிண்ணே?"

"எங்கட கிடங்கில சேஃப்டி பாக்கிற வெள்ளைக்கார சேரடாப்பா. இப்ப தலையில ஒரு மயிரும் இல்லை. ஹெல்மெட் போடாமல் உள்ள போனால் ஒரு சத்தம் போடுவார், கன்டெய்னர் அதிரும். தொண்டை எங்க பழகினது எண்டு இப்பதான் விளங்குது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விழா நடப்பது துபாயில். பிரிந்த பங்காளி இருப்பது அதே துபாயின் ஜெபல் அலியில். எங்கள் பக்கத்தில் எவ்வளவு பகையானாலும், நல்ல காரியம் என்றால் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டும். வருவதும் வராததும் அவர் விருப்பம். கூப்பிடாமல் விட்டால் குற்றம் நம்முடையது. கிளைவ் வீட்டில் இதைச் செய்யப் பெரியவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. படித்தவன் நான்தான் செய்ய வேண்டும்.

"உமக்கென்ன விசரே?" என்றார் கஜன் அண்ணன். "கோட்டில வழக்காடி நிண்ட ஆக்கள். மற்றவரிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யும்."

"கேட்டா வேணாம்னுதாண்ணே சொல்வாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்வாரு. மனசுல இருக்கும்."

ரூமில் இருந்த ஒரே எவர்சில்வர் தட்டில் ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு எல்லாம் வைத்து, மேலே நிகழ்ச்சியின் அனுமதிச் சீட்டையும் வைத்துக்கொண்டு ஜெபல் அலி போனேன். ரெக் ஒரு போர்ட்டபிள் கேபினில் தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய பெரிய உடம்பு, மஞ்சள் ஜாக்கெட். விஷயத்தைச் சொன்னேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளைவ் அனுப்பினானா?"

"குடும்பத்தின் சார்பில் வந்திருக்கிறேன் சார்."

இதில் ஒரு பொய்யும் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். எந்தக் குடும்பம் என்று அவர் கேட்கவில்லை. எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். பாரம் தூக்கும்போது முதுகை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற படம் அங்கே ஒட்டியிருந்தது. அதை அவர் ரொம்ப நேரம் படித்தார்.

"அவன் கூப்பிடவே மாட்டான் என்று நினைத்திருந்தேன்," என்றார். பிறகு தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்போடு வாயில் போட்டு மென்றார். நான் தடுக்கவில்லை. நெகிழ்ச்சியில் இருந்தேன்.

விமான நிலையத்தில் கிளைவ் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியோடு, ரிட்டையர்டு தலைமையாசிரியர் மாதிரி வந்தார். வண்டியில் லேசாக ஆழம் பார்த்தேன். "சார், உங்கள் பழைய பாடகர் ரெக்..."

"அந்தப் பெயரை என் முன்னால் யாரும் சொல்லக் கூடாது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவும் வரிக்கு வரி இதையேதான் சொல்வார்.

நிகழ்ச்சி ஓர் ஓட்டல் அரங்கில் நடந்தது. கருப்புச் சட்டைக்குள் தொப்பையை அடக்கிக்கொண்டு பிரிட்டிஷ் இன்ஜினியர்கள் அரங்கம் நிறைய வந்திருந்தார்கள். புகை இயந்திரம் புகையைக் கக்கியது. குழுவினர் கருவிகளோடு தயாராக நின்றார்கள். நான் கஜன் அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் போய் நின்று, கண்ணியத்துக்குரிய சவப்பெட்டி அமீனா அவர்களே என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

சுங்கத்தில் இறப்புச் சான்றிதழ் கேட்ட இடத்தில் அரங்கம் சிரித்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்றாவது ஆல்பம் படுதோல்வி அடைந்ததையும், அதிலிருந்து குழு இன்றுவரை மீளவில்லை என்பதையும் மிகுந்த மரியாதையோடு குறிப்பிட்டேன். விலகிய டிரம்மர்களின் பெயர்களை அகர வரிசையில் சொன்னேன். பக்கவாட்டில் ஷாஜி சார் கழுத்தில் விரலை வைத்து இழுத்து இழுத்துக் காட்டினார். உணர்ச்சியில் அவருக்குத் தொண்டை அடைக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்து பொன்னாடை. டிரம்மருக்குப் போர்த்தியது நழுவி அவர் கால் பெடலில் சிக்கிக்கொண்டது. கிளைவுக்குப் போர்த்தியதன் ஜரிகை கிட்டார் கம்பியில் மாட்டி, மேடையிலிருந்து அன்றைய முதல் இசையாக ஒரு ஆடு கத்துவதுபோல் சத்தம் வந்தது. கிளைவ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் நான் கையை உயர்த்தி, "இப்போது, இந்தக் குழுவின் நிறுவன உறுப்பினர் ரெக் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்றேன்.

அரங்கம் ஒரு நொடி நம்பவில்லை. பிறகு கூரை பிய்த்துக்கொண்டது. பட்டன் போட முடியாத பழைய தோல் ஜாக்கெட்டில், கையில் ஏதோ ஒரு பையோடு, ரெக் படி ஏறி வந்தார். கிளைவ் அசையாமல் நின்றார். கடைசிப் பொன்னாடையை நான் அவர் கையில் திணித்தேன். (பங்காளி கையால் போர்த்தினால்தானே அழகு.) அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. போர்த்தினார். போர்த்தும்போது ரெக்கின் காதருகே குனிந்து மெல்லச் சொன்னார்.

"நான் உன்னைக் கூப்பிடவில்லை."

இருவருக்கும் நடுவில் மைக் இருந்தது. அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ரெக் என்னைத் திரும்பிப் பார்த்தார். "குடும்பம்?" என்று மட்டும் கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக மைக்கை அணைக்கும் பொத்தான் எங்கே என்று தேடினேன்.

அவர் இறங்கிப் போயிருந்தால் நான் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பேன். அவர் இறங்கவில்லை. பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டு, ஹெல்மெட் போடாதவனைப் பார்த்துக் கத்தும் குரலில், "கூப்பிடாவிட்டால் என்ன, வந்துவிட்டேன். அந்தப் பாட்டை எழுதியது யார் என்று இவர்களிடம் சொல்லு" என்றார். "நான்தான்" என்றார் கிளைவ். "முதல் இரண்டு வரி உன்னுடையது. அதிலும் ஒன்று உன் அம்மா சொன்னது" என்றார் ரெக்.

அன்றைய நிகழ்ச்சி அப்படியே போனது. ஒரு பாட்டு, ஒரு சண்டை, மறுபடி ஒரு பாட்டு. தற்போதைய பாடகரை என் வரவேற்புரையில் நான் எட்டவே இல்லை. அவர் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சண்டைக்கு நடுவே பேஸ் கிட்டார்காரரும் டிரம்மரும் தாங்கள் விலகுவதாக மேடையிலேயே அறிவித்தார்கள். எல்லாம் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்த இன்ஜினியர்கள் கண்ணீர் விட்டு ரசித்தார்கள்.

முடிந்ததும் ஒப்பனை அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே இரண்டு பேரும் இன்னமும் கத்திக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் வக்கீல் வழியாகத் திட்டிக்கொண்டவர்களுக்கு நேரடியாகத் திட்டுவதில் ஒரு ருசி தட்டியது போலிருந்தது. ரெக் வெளியே வந்து பையிலிருந்து என் எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டினார். அதில் பேரீச்சம்பழம் இருந்தது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கஜன் அண்ணன் சொல்லியிருந்தாராம்.

"உன் குடும்பத்துக்கு," என்றார். கோபமா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. பழம் நன்றாக இருந்தது.

சில மாதங்களில் செய்தி வந்தது. சவப்பெட்டி அமீனா இப்போது மூன்று. கிளைவும் ரெக்கும் ஒன்று, விலகிய இருவர் ஒன்று, பொன்னாடையை மடித்து வைத்த பாடகர் ஒன்று. மூன்றும் வழக்குப் போட்டிருக்கின்றன. அன்றைய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு ஆல்பமாக வந்தது. அதன் முதல் தடம் என் வரவேற்புரை. எங்கோ குளிர் தேசத்து இளைஞர்கள் என் உச்சரிப்பிலேயே டிரம்மர்களின் பெயர்களை ஒப்பிக்கும் காணொளியைக் கஜன் அண்ணன் காட்டினார்.

ஷாஜி சார் என்னைத் திட்டவில்லை. "ஒரு மைக். ஒரு ராத்திரி. மூணு பேண்ட்," என்று எதையோ வியப்பதுபோல் சொன்னார். "நாளை முதல் அஜ்மான் கோடவுன். கசேரயும் டென்ட்டும் நோக்கு. அதுக எங்கயும் பிரிஞ்சு போகாது." நாற்காலி, கூடாரங்களோடு வேலை நிரந்தரமாயிற்று.

போன வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் போனேன். துபாய்க் கதை எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பெரியப்பாவை நேரில் போய் அழைக்க வேண்டுமே என்று தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கையைப் பிடித்தாள். "நீ போவாத சாமி. வேற யாராச்சும் போவட்டும்." பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியப்பா. அப்பா உள்ளே போக எழுந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"உன் மவன் தட்டத் தூக்கிட்டு வரப் போறான்னு சொன்னாங்க," என்றார் பெரியப்பா அப்பாவிடம். "நாம ரெண்டு பங்கா இருக்கிறதே போதும்டா. இவன் வந்து கூப்புட்டா மூணா ஆயிடும். அதான் நானே வந்துட்டன்."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். இப்போதும் எங்கள் ஊரில் யாராவது யாரோடாவது பேசாமல் முறுக்கிக்கொண்டால், சமாதானம் பேச ஆள் அனுப்புவதில்லை. என்னை அனுப்பப் போவதாகச் சொல்கிறார்கள். சேர்ந்துவிடுகிறார்கள்.