கரிநாளுக்கு மாலை போட்டவர்

மார்கழி பிறந்து மூன்றாம் நாள், சும்மா விலை விசாரித்து வருகிறேன் என்று கறிக்கடைக்குப் போன என் வீட்டுக்காரர், வெறும் பையோடு திரும்பி வந்து ஒரு சபதம் போட்டார். இந்த வருஷம் நம்ம வீட்டில் கரிநாள் கிடையாது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். அது காலண்டரில் அச்சடித்து வருவது. இவர் கிடையாது என்றால் அந்தத் தாளை மட்டும் கிழித்துவிட முடியுமா? எங்கள் உழவர்கரைப் பக்கம் கரிநாள் என்றால் கறிக்குழம்பு. வில்லியனூரில் வாக்கப்பட்ட என் மகள் கவிநிலா, மாப்பிள்ளையும் இரண்டு பிள்ளைகளுமாக வருவாள். சென்னையில் வேலை பார்க்கும் மகன் முகிலன் வருவான். மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் நல்லா இருக்கணும் என்று விளக்கு வைத்துச் சாமியிடம் கேட்கிறேன். அந்த ஒரு நாள்தான் அவர்கள் நல்லா இருப்பதை ஒரே பந்தியில் கண்ணால் பார்க்கிறேன்.

அதனால் பயந்துபோய், ஏங்க இப்படிச் சொல்றீங்க என்று கேட்டேன்.

மில் மூடிய பிறகு இவருக்கு அடுக்குமாடி வீட்டு வாசலில் வாட்ச்மேன் வேலை. விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்.

"கறி கிலோவுக்கு இருநூறு ஏறியிருக்கு. என் சம்பளம் மாசத்துக்கே முந்நூறுதான் ஏறியிருக்கு. ஒரு வருஷத்துல நான் ஒன்றரைக் கிலோதான் வளந்திருக்கேன் வசந்தா."

"அப்ப கோழி எடுக்கலாம்."

"கரிநாளுக்கு மாப்பிள்ளைக்குக் கோழியா? சம்பந்தியம்மா சிரிக்க மாட்டாங்க?"

"மாப்பிள்ளையே வாங்கியாரேன்னு வருஷா வருஷம் சொல்றாரே."

"பொண்ணு குடுத்தவன் வீட்டுக்குள்ள மாப்பிள்ளை கறிப்பையோட வர்றதா? நான் போய்ச் சேந்தப்புறம் வரட்டும்."

"சரி, இந்த வருஷம் கை கடிக்குதுன்னு சொல்லிடுங்க."

"அதை வேற என் வாயால சொல்லணுமா?"

வாங்கவும் முடியாது. வாங்க விடவும் மாட்டார். முடியவில்லை என்று சொல்லவும் மாட்டார். நான் போய் அரிசி களைந்தேன்.

அதன் பிறகு நாலு நாள் அவரால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து மூடினார். ஃபேனைப் போட்டார், நிறுத்தினார். மறுபடி நடந்தார். அவர் வீட்டுக்குள் நடந்த தூரத்துக்கு மயிலமே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் அதைத்தான் செய்யப்போகிறேன் என்று வந்து நின்றார். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, கழுத்தில் துளசிமணி மாலை. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் தமிழ்மாறன்தான் குருசாமி. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மயிலம் முருகன் கோயிலுக்குப் பாதயாத்திரை போவார். அவர் கையால் மாலை போட்டு வந்திருக்கிறார்.

"முகிலனுக்கு நல்ல இடத்துல பொண்ணு அமையணும்னு வேண்டிக்கிட்டேன் வசந்தா" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோயிலுக்குக் கூப்பிட்டால், நீ போ, நான் செருப்பைப் பாத்துக்கறேன் என்று முப்பது வருஷமாக வெளியிலேயே நிற்கிற மனுஷர். அவர் காலில் விழுந்து கும்பிட்டேன். முருகா, இது உன் வேலைதான் என்றேன்.

அன்றைக்கு மத்தியானமே மகளுக்குப் போன் போட்டார். அப்பா மாலை போட்டிருக்கேன்மா, தைப்பூசம் வரைக்கும் வீட்டுல கவிச்சி கூடாது, கரிநாளுக்கு வந்தீங்கன்னா ரசமும் அப்பளமும்தான், பிள்ளைங்க பாவம், வேணும்னா பூசம் முடிஞ்சு மெதுவா வாங்க என்றார். குரலில் பக்தி கொஞ்சம், நிம்மதி நிறைய.

சாயந்திரம் பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். மதில் ஓரமாகப் பக்கத்து வீட்டு தேவதாஸ் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் மில்லில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

"மாலை எம்பது ரூபா. வேட்டி துண்டு முந்நூறு. மூணு கிலோ கறியும் மிச்சம், கௌரவமும் மிச்சம். யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது, சாமி விஷயம்."

தேவதாஸ் அண்ணன் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் துணியை எடுக்காமலே உள்ளே போய் முருகன் படத்து முன்னால் உட்கார்ந்தேன். உன் பேரைச் சொல்லிக் கறிக்கணக்குப் பார்த்திருக்கார், மன்னிச்சிடு, தெரியாம பண்ணிட்டார் என்றேன். அப்புறம், தெரிந்துதானே பண்ணினார் என்று தோன்றியது. சரி, மாலை பொய்யாக இருந்தாலும் விரதம் நிஜமாக இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு எழுப்பினேன். சாமி, குளிக்கணும் சாமி என்றேன். மார்கழித் தண்ணீர். வெந்நீர் கேட்டார். மாலைக்காரருக்கு வெந்நீர் கிடையாது என்றேன். அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் எழுந்து நின்றது. படுக்கப் பாய், நடக்க வெறுங்கால். மாலை கழுத்தில் இருந்தால் யாரையும் திட்டக்கூடாது. எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வேலை செய்கிற இடத்தில் காரைக் குறுக்கே நிறுத்துகிறவர்களைக்கூட, சாமி கொஞ்சம் எடுங்க சாமி என்று கெஞ்சினாராம். வாட்ச்மேனுக்குத் திட்ட உரிமை இல்லை என்றால் அப்புறம் அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று புலம்பினார்.

பிறகு நான் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு குருசாமியைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் முதல் வருஷம் மாலை போட்டிருக்கார், முறை எதுவும் விட்டுப்போய்ச் சாமி குத்தமாயிடக் கூடாது, என்னென்ன செய்யணும் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அன்று மாலை பஜனையில் குருசாமி எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார்.

"கன்னி சாமி வீட்டுல வேல் பூஜையும் அன்னதானமும் நடக்கறது நம்ம முறை. வடிவேல் சாமி வீட்டம்மா தானா வந்து கேட்டாங்க. கரிநாளு எல்லாருக்கும் லீவு. அன்னிக்கு வெச்சுக்குவோம். நம்ம முப்பத்தோரு சாமியும் போறோம்."

எல்லாரும் அரோகரா என்றார்கள். என் வீட்டுக்காரர் வடிவேல் சாமி கையில் ஜால்ரா. மேல் கையும் கீழ்க் கையும் சேராமல் அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் என் எதிரில் நின்றார்.

"சாமி, உன்னை யாரு சாமி போய்க் கேக்கச் சொன்னது?"

"முகிலனுக்கு நல்ல இடம் அமையணும்ல சாமி."

அவர் முகம் பச்சைத் துண்டுக்குள் சிவந்தது.

"ரொம்ப சந்தோஷம் சாமி" என்றார், பல்லைத் திறக்காமல்.

கறிக்கு ஒதுக்கிப் பத்திரமாக மிச்சம் பிடித்திருந்த பணம் காய்கறிக்குப் போனது. பொங்கல் நேரத்தில் ஒரு முருங்கைக்காய் முப்பது ரூபாய் என்றதும், பெரிய மார்க்கெட்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலாயுதத்தைப் பார்ப்பது போலவே பார்த்தார். முப்பத்தோரு பேருக்கு வடை பாயசத்தோடு போட்டால், ஏழு பேருக்கான கறிச் செலவைத் தாண்டிவிட்டது. அடுக்குமாடிச் சங்கத்தில் சம்பள முன்பணமும் வாங்கினார்.

இதற்கு நடுவில் கவிநிலா போன் செய்தாள். எனக்குப் பிள்ளைகளிடம் மறைத்துப் பழக்கமில்லை. மதில் ஓரம் கேட்டதை அப்படியே சொன்னேன். அவள் சிரித்து ஓய்ந்து, அவரும் தம்பியும் சேர்ந்து வாங்கறோம்னு எத்தனை வருஷமா கெஞ்சறோம், அப்பா விட்டாத்தானே என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"நம்ம வீட்டுக்குள்ள மாப்பிள்ளை கறிப்பையோட வரக் கூடாதுன்னுதான்மா உங்கப்பா சொல்லியிருக்காரு" என்றேன். "பக்கத்து வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

தேவதாஸ் அண்ணன் மனைவி அமிர்தவல்லி, என் அடுப்பு என்னா பாவம் பண்ணுச்சு, வரச் சொல்லுக்கா என்றுவிட்டாள்.

கரிநாள் வந்தது. எங்கள் கூடத்தில் முப்பத்தோரு பச்சை வேட்டி. வேலுக்குப் பாலாபிஷேகம். பஜனை ஏறிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் அமிர்தவல்லி கறி தாளித்தாள். பட்டை, சோம்பு, மிளகு. என் வீட்டுக்காரர் மூக்கு மட்டும் பஜனையை விட்டு எழுந்து போவது எனக்குத் தெரிந்தது. முருகா முருகா என்று மற்றவர்களைவிடச் சத்தமாகக் கத்தினார். எப்பேர்ப்பட்ட பக்தி என்று குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாமிகள் சாப்பிட்டு இலை எடுத்ததும் நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். நானும் விரதம். கறியைத் தொடவில்லை. பின்பக்கம் மதில் ஓரமாக இலை போட்டேன், தண்ணீர் வைத்தேன், உட்கார்ந்து பார்த்தேன். மகள், மாப்பிள்ளை, மகன், பேரப்பிள்ளைகள், ஒரே வரிசை. போதும் முருகா என்றேன்.

மதிலுக்கு மேல் ஒரு பச்சைத் துண்டு தெரிந்தது.

மாப்பிள்ளை நல்லி எலும்பை இலையில் தட்டியபடி நிமிர்ந்து பார்த்து, பாதி எழுந்து, "வாங்க சாமி" என்றார்.

"கறி யாரு வாங்கினது சாமி?"

"என் வீட்டு விருந்து. உனக்கென்னா விசாரணை?" என்றார் தேவதாஸ் அண்ணன். "பூசம் முடிஞ்சு மாலையைக் கழட்டிட்டு வா. ஒரு கிண்ணம் ஃபிரீசர்ல இருக்கும்."

என் வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்த வருஷமாவது நம்ம வீட்டிலேயே வைக்கலாம், மாப்பிள்ளை ஆசைப்பட்டால் ஏதோ வாங்கி வரட்டும் என்று மெதுவாகச் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் அவ்வளவு இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

அப்போது பின்னாலிருந்து குருசாமி அவர் தோளில் கை போட்டார். கையில் பாயச டம்ளர்.

"அடுத்த வருஷம் கரிநாளுக்கும் பூஜை இங்கதான் வடிவேல் சாமி. கன்னி சாமி மாலை போட்டா மூணு வருஷம் விடாம போடணும். வீட்டம்மாகிட்ட அப்பவே சொல்லிட்டேனே, சொல்லலையா?"

அவர் மதிலுக்கு மேலிருந்து என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்த வசவெல்லாம் தொண்டை வரை வந்ததைப் பார்த்தேன். கழுத்தில் மாலை இருந்தது.

"சாமி" என்றார்.