துரு நீக்கும் திட்டம்

மனித உடம்பில் பிடித்த துருவை நீக்கக் கிளம்பிய பெருமை, உலகிலேயே ஒரே ஒரு குடிநீர்க் குழாய் அலுவலகத்துக்குத்தான் உண்டு. ஊர்க் குழாய்களில் வரும் பழுப்புத் தண்ணீரைப் பற்றிய முன்னூற்றுப் பன்னிரண்டு புகார்களை ஒரு மூலைகூட மடங்காமல் காப்பாற்றிய அலுவலகம் அது. துருவைப் பற்றிப் பேச வேறு யாருக்கு அருகதை?

அத்தனை புகாரையும் பதிவேட்டில் ஏற்றியவள் புகார்ப் பிரிவு எழுத்தர். எல்லோருக்கும் அவள் ‘புகார் அக்கா’. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அலுவலக முதலுதவி அறையில் மாதாமாதம் கொடுக்கும் சர்க்கரை மாத்திரையில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

ஒரு நாள் தலைமைப் பொறியாளர் கைப்பேசியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பாதி படித்தார். பாதியே அவருக்கு அதிகம். உடனே கூட்டம். பொருள்: ‘திசுக்கள்’. கடைநிலை ஊழியர், மேசைக்கு நான்கு டிஷ்யூ பெட்டி வைத்துவிட்டுப் போனார்.

“ஆக்சிஜன் பட்டா குழாய் துருப்பிடிக்குது. நாமளும் ஆக்சிஜனைத்தானே இழுக்கிறோம்? அப்போ?” என்றார் தலைமைப் பொறியாளர்.

“நிறுத்திடலாமா சார்?” என்றார் உதவிப் பொறியாளர்.

“மூச்சையா? மாத்திரை இருக்குய்யா! சர்க்கரை மாத்திரை ஈரல், கிட்னி, இதயம்னு எல்லாத் திசுவுலயும் துருவை எடுக்குதாம்.”

“சர்க்கரை இல்லாதவங்க சாப்பிடலாமா சார்?” புகார் அக்கா கேட்டாள்.

“துரு இல்லாதவன் எவன்மா இருக்கான்?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முதலுதவி அறை இருப்பு முழுவதும் ‘அதிகாரிகளின் திசு நலனுக்காக’ மேல்மாடிக்கு ஏறியது.

“எனக்கு, சார்?”

“ஒன்பது வருஷமா நீங்கதானேம்மா அனுபவிச்சிருக்கீங்க? உங்க உடம்புல இன்னும் என்ன துரு பாக்கி? மத்தவங்களுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க.”

புகார் அக்காவின் கணவர் கடை கடையாக அலைந்தார். “ஸ்டாக் இல்லீங்க. குடிநீர் ஆபீஸ் பெரியவங்க பெட்டி பெட்டியா அள்ளிட்டுப் போயிட்டாங்க” என்று எல்லாக் கடையிலும் ஒரே பாட்டு.

மூன்றாம் நாளே திட்டம் பலன் தந்தது. அதிகாரிகள் கழிப்பறை வாசலில் வரிசை கட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ‘உள்ளிருந்த துரு வெளியேறுகிறது’ என்று சுற்றறிக்கை வந்தது. கழிப்பறைக் குழாயில் கொட்டிய பழுப்புத் தண்ணீர் அதற்கு அத்தாட்சியாக இணைக்கப்பட்டது.

புகார் அக்கா தன் மாத்திரையைக் கேட்டு ஒரு புகார் எழுதி, தானே முத்திரை குத்தி, தானே பதிவு செய்தாள். எண் முன்னூற்றுப் பதின்மூன்று. அதுவும் பத்திரமாக இருந்தது. புண்தான் சும்மா இருக்கவில்லை; கறுத்து, பக்கத்து விரலுக்கும் ஏறியது. இரண்டாம் மாதம் பதிவேட்டின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

தலைமைப் பொறியாளர் பரிவாரத்தோடு பார்க்க வந்தார். இரண்டு மாதத்தில் நன்றாக இளைத்திருந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம்.

“மனசைத் தளர விடாதீங்கம்மா. விஞ்ஞானம்னா யாராவது கொஞ்சம் தியாகம் பண்ணத்தான் வேணும்.”

“அந்தக் கட்டுரையை நான் முழுசும் படிச்சேன் சார்” என்றாள் புகார் அக்கா. “எலியை வெச்சுப் பண்ணியிருக்காங்க. சர்க்கரை வந்த எலிக்குத்தான் மாத்திரை. அதுலயும் கொஞ்ச எலிக்கு மட்டும் வேணும்னே கொடுக்கல. கொடுக்கலேன்னா என்ன ஆகும்னு பார்க்கணுமாம்.”

“அடடே! அப்படியா?”

“அந்த எலிகளுக்காக ஒரு கமிட்டிகிட்ட எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கித்தான் பண்ணியிருக்காங்க.” அவள் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினாள். “எனக்கு யார்கிட்ட சார் வாங்கினீங்க?”